மியூல் டீர் வேட்டை: ஊதலை வாயில் வைக்கும் முன்

காற்று பார்த்து நடப்பது, முகட்டில் நிழலுருவாக நிற்காமல் இருப்பது இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். ஊதலில் செய்கிற தவறுகளை யாரும் சொல்வதில்லை, கீழே இருப்பவை அவைதான். போன நவம்பரில் அமெரிக்காவின் மேற்குக் கொலராடோவில், கோவேறு கழுதை மாதிரிப் பெரிய காது கொண்ட மியூல் டீர் மானைத் தேடிப் புதியவர் ஒருவரோடு நடந்தேன். அவர் கழுத்தில் மான் சத்தம் எழுப்பும் ஊதல்கள் மூன்று. பத்து வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

வெள்ளைவால் மான் பாடத்தை இங்கே ஒப்பிப்பது

கொம்போடு கொம்பைத் தட்டியும் உறுமல் ஊதியும் வெள்ளைவால் ஆணை வரவழைப்பார்கள். மியூல் டீர் அந்த அளவுக்கு மசியாது. நவம்பர் நடுவில் இணைசேரும் பருவம் சூடுபிடித்ததும் ஆண் பெட்டைகளைத் தேடி ஊர் சுற்றும். நீங்களும் பைனாகுலரில் பெட்டைகளைத் தேடுங்கள்.

தயாராகாமல் ஊதுவது

இந்தத் தவறை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது. நடந்து வேட்டையாடுகிறவருக்கு ஊதலின் பெரிய உபயோகம் மானைக் கூப்பிடுவதில் இல்லை, போகிற மானை நிறுத்துவதில் இருக்கிறது. சின்னதாக ஒரு 'மே' கேட்டால் நடக்கிற ஆண் பெரும்பாலும் நிற்கும். ஆனால் நின்றதும் சத்தம் வந்த இடத்தைத்தான் பார்க்கும். கோவேறு கழுதைக் காது இரண்டும் உங்கள் பக்கம் திரும்பியபின் விரல் அசைந்தாலும் தெரிந்துவிடும்.

ஜூனிப்பர் புதர்களுக்கு நடுவே ஒரு நல்ல ஆண் குறுக்கே போனது. 200 கெஜம் இருக்கலாம், அளக்கவில்லை. பதற்றத்தில் ஊதினேன். நின்றது. பக்கவாட்டில், நெஞ்சு முழுக்கத் தெரிய. நான் அப்போதுதான் ரைபிளைச் சாய்த்து வைக்கும் தாங்குகோலின் கால்களை விரிக்கிறேன்! மூன்று நொடி பார்த்தது. பிறகு நான்கு குளம்பையும் ஒன்றாகத் தூக்கிப் பந்து மாதிரித் துள்ளித் துள்ளி மேட்டைத் தாண்டிவிட்டது. கொலராடோவில் மான் டேக், அதாவது வேட்டை அனுமதி, குலுக்கலில்தான் கிடைக்கும். அந்தப் பகுதிக்கு நான் வருடக்கணக்காகக் காத்திருந்தேன்.

முதலில் தூரத்தை அளந்து, ரைபிளைத் தாங்குகோலில் வையுங்கள். மான் அடுத்து எந்த இடைவெளிக்கு வரும் என்று பார்த்து ஸ்கோப்பை அங்கே கொண்டுபோங்கள். அது அங்கே காலை வைக்கும்போது ஊதுங்கள். ஊதல்கூட வேண்டாம், வாயால் 'மே' என்று கத்தினாலே போதும். ஏற்கனவே நின்று மேய்கிற மானுக்கு ஊதுகிறவரை என்ன சொல்வது?

குட்டி அலறலை ஊதிவிட்டு முன்னாலேயே பார்ப்பது

ஆபத்தில் இருக்கும் மான்குட்டி மாதிரி ஊதினால் பெட்டை பாய்ந்து வரும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், சுருதி ஒத்துப்போனால் மனிதக் குழந்தை, சீல் குட்டி அழுகைக்குக்கூட வந்திருக்கிறது. கயோட்டி என்ற ஓநாய் மாதிரிக் காட்டு நாயும், கரடியும், மலைச்சிங்கம் என்ற பூமாவும் அதே சத்தத்துக்கு வரும், பசியோடு. முதுகைப் பாறையில் சாய்த்து உட்காருங்கள்.

விடாமல் ஊதுவது

இரண்டு முறை. அப்புறம் சும்மா இருங்கள்.

எலக்ட்ரானிக் ஊதல்

கொலராடோவில் மானுக்குச் சட்டவிரோதம்.

ஆரஞ்சு உடையைப் பையில் வைப்பது

மான் மாதிரி கத்துகிறீர்கள், சுற்றிலும் ரைபிளோடு ஆட்கள். ரைபிள் சீசனில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது பிங்க், தலையிலும் அதே நிறத் தொப்பி. மறைந்திருக்கிறேன் என்று அதன்மேல் மண்நிற ஜாக்கெட் போட்டவரை நானே பார்த்திருக்கிறேன்.