ஹெர்2 ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சியில் உறுதியான பிறகு இன்னொரு தாள் கைக்கு வரும். இ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று மூன்று வரி இருக்கும். முதல் இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள். பலரும் தடுமாறுவது மூன்றாவது வரியில்தான், அதனால் அதை மட்டும் பார்ப்போம்.

ஹெர்2 என்பது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு ஏற்பி, அதாவது ரிசெப்டர். வளர், பிரி என்ற சேதியை உள்ளே அனுப்புவது இதன் வேலை. சாதாரண மார்பகச் செல்லிலும் சில பத்தாயிரம் இருக்கும். 17ஆவது குரோமோசோமில் உள்ள இதன் மரபணு சில கட்டிகளில் அளவுக்கு மீறிப் பெருகிவிடும், அப்போது ஒரே செல்லில் இருபது லட்சம் வரை ஏற்பிகள் மொய்த்து, ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்து, வெளியிலிருந்து எந்தத் தூண்டலும் வராமலேயே சேதியை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். 100 மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 இந்த வகை.

சரி, முதலில் ஐ.எச்.சி. மதிப்பெண்ணைத் தேடுங்கள். கட்டித் துண்டில் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் போடுகிற மார்க் அது. 3+ என்றால் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றுச் செல்களைச் சுற்றி அழுத்தமான பழுப்பு வளையம், எங்கேயும் விட்டுப்போகாமல் முழுதாக. செல்கள் எல்லாம் சேர்ந்து கோழிக்கூண்டுக் கம்பிவலை மாதிரித் தெரியும். இது பாசிட்டிவ். 0, 1+ இரண்டும் நெகட்டிவ்.

2+ வந்தால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு டெஸ்ட் செய்யாமல் சொல்ல முடியாது என்றுதான் அதற்கு அர்த்தம். என் சித்திக்கு 2+ வந்தபோது, பிளஸ் போட்டிருக்கிறதே, பாசிட்டிவ்தான் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டர் தாளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஃபிஷ் எங்கேம்மா?" பழைய லேபிலிருந்து பிளாக்கை, அதாவது கட்டித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையை, வாங்கி அனுப்பி, ரிசல்ட் வர மேலும் பன்னிரண்டு நாள். அத்தனை நாளும் சித்தி அந்தத் தாளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் படுத்தார்.

ஃபிஷ்தான் அந்த இன்னொரு டெஸ்ட், அது மரபணுவையே எண்ணும். அதில் இரண்டு எண் பாருங்கள்: ஹெர்2 மரபணுவுக்கும் 17ஆவது குரோமோசோமுக்கும் உள்ள விகிதம் 2.0 அல்லது அதற்கு மேல், ஒரு செல்லுக்குச் சராசரி ஹெர்2 பிரதிகள் 4.0 அல்லது அதற்கு மேல். இரண்டும் சேர்ந்து இருந்தால் பாசிட்டிவ். ஒன்று மட்டும் இருந்தால் நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள், ஐ.எச்.சி.யையும் சேர்த்துப் பார்த்து பேத்தாலஜிஸ்ட் சொல்வார்.

பயாப்சியில் எடுத்த சதையைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறவைத்த நேரத்தையும் கேளுங்கள். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மார்க்கே மாறிப்போகலாம்.

பாசிட்டிவ் என்ற சொல்லைப் பார்த்து உடைந்துவிடாதீர்கள். வேகமாகப் பரவும் வகைதான், ஆனால் அந்த ஏற்பியையே பிடித்துக்கொள்ளும் டிராஸ்டுசுமாப் மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதிலிருந்து கதை மாறிவிட்டது. ஆரம்ப நிலை என்றால் பொதுவாக ஒரு வருடம் கொடுப்பார்கள். இது இதயத்தின் பம்ப் செய்யும் திறனைக் குறைக்கக்கூடும், அதனால் தொடங்குமுன் எக்கோ, அப்புறம் இடையிடையேயும் எக்கோ.

நெகட்டிவ் என்றாலும் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். 1+, அல்லது 2+ வந்து ஃபிஷ் நெகட்டிவ் ஆனவர்களை இப்போது 'ஹெர்2 குறைவு' என்று தனியாகப் பிரிக்கிறார்கள். நோய் பரவிய நிலையில் அவர்களுக்கும் கொடுக்க 2022இல் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நோய் திரும்பி வந்தால் புதிதாகப் பயாப்சி எடுத்து ஹெர்2வை மறுபடி பார்ப்பார்கள், அது மாறியிருக்கலாம். பழைய பிளாக்கும் தேவைப்படும். அது மெழுகு, வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.