சரிவில் நிற்கும் வாழைக்கு எத்தனை லீற்றர் தண்ணீர்?

இலங்கை மலையகத்தில் ஆனி பிறந்தால் ஹட்டன் பக்கம் மழை கொட்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கமோ மழை நின்று காற்று எடுக்கும். பீலித் தண்ணீரும் (மலை ஊற்றிலிருந்து குழாயில் விழும் தண்ணீர்) மெலியும் அந்த மாதங்களில், வாழைக்கு அளந்துதான் ஊற்ற வேண்டும்.

1. ஒரு நாள் தேவை

வெயிலும் காற்றும் நாளொன்றுக்கு 4 மில்லிமீற்றர் தண்ணீரை இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் பயிர்க் குணகத்தால், அதாவது பயிர் அதில் எத்தனை மடங்கு குடிக்கும் என்ற எண்ணால், பெருக்குங்கள். புதுக் கன்றுக்கு 0.5, இலை நிறைந்த முதல் வருட மரத்துக்கு 1.1, மறுதாம்புக்கு (குலை வெட்டிய மரத்தின் அடியிலிருந்து வளரும் அடுத்த மரம்) 1.2. முதல் வருட மரம் என்றால் 4 × 1.1 = 4.4 மில்லிமீற்றர்.

2. லீற்றராக மாற்றுவது

1 சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் நின்றால் 1 லீற்றர். 3 மீற்றர் இடைவெளியில் நட்டால் மரத்துக்கு 9 சதுர மீற்றர் என்று பலரும் போடுகிறார்கள். சமதரையில் சரி, சரிவில் பிழை. மழையையும் ஆவியாவதையும் மட்டத் தரைக்குத்தான் கணக்கிடுவது. 30 பாகைச் சரிவில் தரையோடு அளந்த 3 மீற்றர், மட்டமாக அளந்தால் 2.6 தான்.

டேப்பின் ஒரு நுனியை மேல் மரத்தின் அடியில் பிடியுங்கள். மட்டமாக இழுத்து, மறுபக்கம் கல் கட்டிய நூலைக் கீழ் மரத்தின் அடிக்குத் தொங்கவிடுங்கள். நூல் டேப்பைத் தொடும் இடத்தில் உள்ள எண்தான் உங்கள் அளவு. மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயே போதும், கண்மட்டத்தை நம்பாதீர்கள்.

சரிவுக்குக் குறுக்கே 3 மீற்றர் மாறாது, ஆகவே 3 × 2.6 = 7.8 சதுர மீற்றர். 4.4 × 7.8 = 34 லீற்றர். 9 என்று போட்டால் 40 வரும். 200 மரத்துக்கு நாளுக்கு ஆயிரம் லீற்றருக்கு மேல் வீண்.

3. மழையைக் கழிப்பது

நேரான பக்கமுள்ள டின்னை வெட்டவெளியில் வைத்து, அதில் நிற்கும் தண்ணீரின் உயரத்தை மில்லிமீற்றரில் அளவுங்கள். ஒரு நாளில் 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த மழையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மூடாக்கு (மண்ணை மூடும் இலைதழை) இல்லாத சரிவில் மீதியிலும் பாதி கானில் ஓடிவிடும். வாரத் தேவை ஏறக்குறைய 240 லீற்றர். 20 மில்லிமீற்றர் மழையில் பாதி, 10 × 7.8 = 78. மீதி 162 லீற்றர்.

4. ஊற்றும் முறை

விடும் தண்ணீர் முழுவதும் வேருக்குச் சேராது, அதனால் கூட்டி விட வேண்டும். டிரிப் (சொட்டு நீர்) என்றால் 0.9 ஆல் வகுத்து 180 லீற்றர். ஹோஸில் பாய்ச்சினால் 0.65 ஆல் வகுத்து 250 லீற்றர். மணிக்கு 4 லீற்றர் விடும் டிரிப்பர் (சொட்டும் முனை) மரத்துக்கு நான்கு வைத்தால், வாரம் மூன்று தடவை, தடவைக்கு 3¾ மணி நேரம்.

10 மீற்றர் இறக்கத்துக்கு 1 பார் அழுத்தம் கூடுவதால், கீழ் வரிசை மரம் சேற்றில் நிற்கும், மேல் வரிசை காயும். டிரிப்பரின் கீழ் 6 நிமிடம் போத்தல் வைத்துப் பாருங்கள்; 400 மில்லிலீற்றர் நிறைய வேண்டும். அழுத்தத்தைத் தானே சமன் செய்யும் டிரிப்பரையே வாங்குங்கள், கூடுதல் விலைக்குத் தகும். கிடைக்காவிட்டால் கிளைக் குழாய்களைச் சரிவுக்குக் குறுக்கே, சமவுயரத்தில் போடுங்கள்.

5. மண்ணைப் பார்ப்பது

30 சென்ரிமீற்றர் தோண்டி ஒரு பிடி மண்ணை அமுக்குங்கள். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உடைய வேண்டும். தண்ணீர் கசிந்தால் அதிகம், உருண்டையே பிடிக்காவிட்டால் குறைவு. மதியத்தில் இலையின் இரு பாதியும் நடுநரம்பையொட்டி மடிந்து தொங்குவதும் தண்ணீர்க் குறைதான். இலை கிழிவது காற்றின் வேலை, அதற்குத் தண்ணீர் கூட்ட வேண்டாம்.

பின்னர் சேர்த்தது: தாய் மரத்தோடு இரண்டு பக்கக் கன்றும் நின்றால் மூன்றால் பெருக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். கணக்கு நிலப்பரப்புக்கு, தண்டுக்கு அல்ல. 1.1 ஐ 1.2 ஆக்குங்கள், போதும்.