சனிக்கோளின் மூன்று நிலவுகள்: கோடோ 4-இல் ஓர் அமைதியான விண்வெளி கேம்

விண்வெளி கேம் செய்ய உட்காருகிற பலர் முதலில் எழுதுவது, ஆயிரம் கிரகங்களைத் தானாக உருவாக்கும் ஸ்கிரிப்ட். அது ஓடவும் செய்யும். 1984-லேயே எலைட் என்ற கேம் 8 கேலக்சி, ஒவ்வொன்றிலும் 256 மண்டலங்கள் என்று 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ என்ற கணினியில் அடக்கிக் காட்டிவிட்டது. எண்ணிக்கையைக் கூட்டுவதில் சிரமமே கிடையாது. பத்தாவது கிரகத்துக்குப் போனவர் அங்கே ஒரு நிமிடம் சும்மா நின்று பார்ப்பாரா என்பதில்தான் சிரமம்.

அதனால் இந்த விளக்கத்தில் மூன்றே இடங்கள்: என்செலடஸ், டைட்டன், ஐயாபிடஸ். மூன்றும் சனியின் நிலவுகள். சண்டை, ஸ்கோர், எரிபொருள் கணக்கு, நேர வரம்பு எதுவும் வேண்டாம். ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்வோம்: பயண தூரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், வானத்தில் தெரிவதில் சொல்லக் கூடாது.

படி 1: புராஜெக்ட்

கேம் செய்யும் மென்பொருளான கோடோ 4-இல் புதிய புராஜெக்ட் திறக்கும்போது ரெண்டரர் (படத்தைத் திரையில் வரையும் பகுதி) ஃபார்வர்ட் பிளஸ் என்று தேர்ந்தெடுங்கள். டைட்டனுக்குத் தேவைப்படும் வால்யூமெட்ரிக் ஃபாக் (இடத்தை நிரப்பும் மூட்டம்) அதில் மட்டுமே வேலை செய்யும். வல்கன் என்ற கிராஃபிக்ஸ் முறை ஓடாத பழைய லேப்டாப் என்றால் கம்பாட்டிபிலிட்டி என்ற எளிய ரெண்டரரில் தொடங்கி, டைட்டனில் சாதாரண ஃபாக் போட்டுச் சமாளிக்கலாம். புராஜெக்ட் செட்டிங்ஸில் விளிம்புகளை மென்மையாக்கும் 3டி எம்எஸ்ஏஏ-வை 4 மடங்கு ஆக்கிவிடுங்கள். ஏன் என்பது வளையம் செய்யும்போது தெரியும்.

படி 2: அளவு

உண்மை அளவிலேயே செய்தால் என்ன ஆகும்? சனியிலிருந்து என்செலடஸ் சுமார் 2,38,000 கிலோமீட்டர். ஒரு யூனிட் ஒரு மீட்டர் என்றால் 23 கோடியே 80 லட்சம் யூனிட். கோடோ இடங்களை 32 பிட் எண்ணில் வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய எண்ணில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே 16 யூனிட் இடைவெளி விழும். கப்பல் நகராது, 16 மீட்டர் 16 மீட்டராகத் தாவும். திரையில் எல்லாம் நடுங்குவதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இதைத் தவிர்க்க ஒவ்வொரு நிலவையும் தனி சீனாக, அதாவது தனிக் காட்சியாக வையுங்கள். நிலவு நடுவில், ஆரம் 250 யூனிட். ஸ்பியர் மெஷ் (கோள வடிவம்) 64 துண்டு, 32 வளையம் என்று வரும். இந்த ஆரத்தில் விளிம்பு பலகோணமாகத் தெரியும். 256, 128 ஆக்குங்கள்.

சனியை எப்போதும் கேமராவிலிருந்து 3000 யூனிட் தள்ளி, ஒரே திசையில் நிறுத்துங்கள். அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் சனியின் இடம் = கேமராவின் இடம் + அந்தத் திசை × 3000. கேமராவுக்குள் குழந்தை நோடாக, அதாவது அதோடு ஒட்டிய பொருளாகப் போட்டுவிடாதீர்கள். தலையைத் திருப்பினால் சனியும் கூடவே திரும்பும். இடத்தை மட்டும்தான் பின்தொடர வேண்டும்.

சனியின் ஆரத்தை நிலவின் தூரத்தால் வகுத்து 3000-ஆல் பெருக்கினால் சீனில் வைக்கவேண்டிய ஆரம் கிடைக்கும். சனியின் நடுக்கோட்டு ஆரம் 60,268 கிலோமீட்டர். எனவே என்செலடஸில் 760 யூனிட், ஐயாபிடஸில் வெறும் 51. என்செலடஸ் வானத்தில் சனி ஏறக்குறைய 29 பாகை அகலம். நம் நிலா அரை பாகைதான். கோளத்தின் ஒய் அளவை 0.9 ஆக்க மறக்க வேண்டாம். சனி துருவங்களில் அந்த அளவுக்குத் தட்டையானது. முழு உருண்டையாக விட்டால், காரணம் தெரியாதவர்களுக்கும் ஏதோ பொம்மை மாதிரி இருக்கும்.

கேமரா எவ்வளவு தூரம்வரை காட்டும் என்பதைச் சொல்லும் ஃபார் மதிப்பு 4000 என்று இருக்கும். அப்படியே விட்டால் வளையத்தின் பின்பக்கம் வெட்டுப்பட்டுப் போகும். 6000 ஆக்குங்கள், நியர் (காட்டத் தொடங்கும் தூரம்) 0.5.

படி 3: வளையம்

இதற்குத் தனி மாடல் வேண்டாம். ஒரு பிளேன் மெஷ் (தட்டையான சதுரத் தகடு) போதும். வளையத்தின் வெளி விளிம்பு சனியின் ஆரத்தைப்போல் 2.27 மடங்கு. எனவே என்செலடஸ் சீனில் பிளேனின் பக்கம் 2 × 2.27 × 760, அதாவது 3450.

மெட்டீரியலில் கிரேடியன்ட் டெக்ஸ்சர் 2டி (நிறம் படிப்படியாக மாறும் படம்) ஒன்றை வைத்து, ஃபில் என்பதை ரேடியல் ஆக்குங்கள். தொடக்கப் புள்ளி 0.5, 0.5, முடிவுப் புள்ளி 1, 0.5. அகலம், உயரம் இரண்டும் 1024. பிறகு நிறப் புள்ளிகள்: 0 முதல் 0.55 வரை முழு ஒளி ஊடுருவல். 0.55-இல் மங்கலான சாம்பல் தொடங்கும், அது சி வளையம். 0.67 முதல் 0.86 வரை பளிச்சென்ற வெண்பழுப்பு, பி வளையம். 0.86-க்கும் 0.89-க்கும் நடுவே கிட்டத்தட்ட ஒன்றுமே வேண்டாம். அந்தக் கறுப்புக் கோடுதான் காசினி இடைவெளி. 0.89 முதல் 0.99 வரை ஏ வளையம். 1-இல் ஆல்ஃபா (ஒளிபுகாமை) கண்டிப்பாகப் பூஜ்ஜியம். இந்தக் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டால் சனியைச் சுற்றி ஒரு பெரிய சதுர அட்டை தொங்கும், ஏனென்றால் மூலைகள் எல்லாம் கடைசி நிறத்தையே எடுத்துக்கொள்ளும். டிரான்ஸ்பரன்சியை ஆல்ஃபா ஆக்கி, கல் மோடை டிஸேபிள்ட் ஆக்கினால் இரு பக்கமும் தெரியும்.

இப்போது ஓடவிட்டுப் பாருங்கள். என்செலடஸில் வளையத்தைக் காணோம்! பிழை ஏதுமில்லை. என்செலடஸ் வளையங்கள் இருக்கும் அதே தளத்தில்தான் சுற்றுகிறது. அங்கிருந்து பார்த்தால் வளையம் பக்கவாட்டில், ஒரு மெல்லிய கீற்றாக மட்டுமே தெரியும். நிலவின் தரையில் நின்றால் தலைக்கு மேல் அகல வளையம் விரிவதாக வரையும் ஓவியங்களில் பெரும்பாலானவை தவறு. பிளேனுக்குத் தடிமன் இல்லாததால் கீற்றும் மறைந்துவிடுகிறது. 0.2 பாகை மட்டும் சாய்த்தால் முடி அகலக் கோடு வரும். எம்எஸ்ஏஏ இல்லாவிட்டால் அந்தக் கோடு விட்டு விட்டு மின்னும்.

படி 4: வெளிச்சம்

அமைதியான சூழல் வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு டைரக்‌ஷனல் லைட், எனர்ஜி 1.2. இதுதான் சூரியன். சனியின் தூரத்தில் சூரியன் நாம் பார்க்கும் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதல், அவ்வளவுதான். எனவே நிழல் கத்தியால் வெட்டினாற்போல் இருக்க வேண்டும்; விளக்கின் அகலத்தைக் குறிக்கும் ஆங்குலர் டிஸ்டன்ஸைப் பூஜ்ஜியமாகவே விடுங்கள். ஷேடோ மேக்ஸ் டிஸ்டன்ஸ் 100 என்று இருப்பதை 300 ஆக்குங்கள், இல்லாவிட்டால் கப்பல் நெருங்க நெருங்கக் குன்றுகளின் நிழல் திடீர் திடீரென்று முளைக்கும்.

வேர்ல்டு என்விரான்மென்டில் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் ஆம்பியன்ட் லைட்டைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். புதியவர்கள் தயங்குவது இங்கேதான். நிழல் பகுதி கும்மிருட்டாகிவிடுமே என்று கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினால் நிலவு சாம்பல் நிற பிளாஸ்டிக் பந்தாகிவிடும். அதற்குப் பதிலாக இரண்டாவது டைரக்‌ஷனல் லைட் ஒன்றைச் சனி இருக்கும் திசையிலிருந்து போடுங்கள்: எனர்ஜி 0.06, வெளிர்மஞ்சள், நிழல் கிடையாது. சனியில் பட்டுத் திரும்பும் ஒளி அது. இருட்டிலும் பள்ளங்களின் விளிம்பு மெல்லத் தெரியும்.

சூரியனை ஒய் அச்சில் வினாடிக்கு 0.3 பாகை சுழற்றுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு சுற்று. நிஜத்தில் இதற்கு 33 மணி நேரம் ஆகும். நிலவு எப்போதும் ஒரே முகத்தைச் சனிக்குக் காட்டுவதால் வானத்தில் சனி நகராது. அதே விளக்கு சனியின் மேலும் படுவதால் அது தேய்ந்து பிறையாகி மறுபடி வளரும். இதற்காக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

ஆட்டக்காரரை நிலவின் பின்பக்கத்தில், சனி தெரியாத இடத்தில் தொடங்க வையுங்கள். கப்பலின் முகம் அடிவானத்தை நோக்கி இருக்கட்டும். அவர் விசையை அழுத்தி நகர்ந்தால்தான் சனி எழும்.

நட்சத்திரப் பின்னணிக்கு 4096 × 2048 பிஎன்ஜி படம் போதும். அதை 3டி-யில் பயன்படுத்தியதும் கோடோ தானாக வீரேம் கம்ப்ரஷன் என்ற சுருக்க முறைக்கு மாற்றிவிடும், நட்சத்திரங்கள் சதுரக் கறைகளாகும். இம்போர்ட் டாக்கில் லாஸ்லெஸ் ஆக்கி மறுபடி இம்போர்ட் செய்யுங்கள். நட்சத்திரம் மினுக்க வேண்டாம், காற்று இல்லாத இடம்.

படி 5: கப்பல்

கப்பல் ஒரு ரிஜிட்பாடி3டி (இயற்பியல் விதிப்படி நகரும் பொருள்), நிறை 1, கிராவிட்டி ஸ்கேல் 0. லீனியர் டாம்ப் (நகரும் வேகத்தைக் குறைப்பது) 0.25, ஆங்குலர் டாம்ப் (சுழற்சியைக் குறைப்பது) 2. டாம்ப் மோடை ரீப்ளேஸ் ஆக்குங்கள். காம்பைன் என்றே விட்டால் புராஜெக்டின் பொது மதிப்பு 0.1 சேர்ந்துகொள்ளும், உங்கள் கணக்கு உதைக்கும்.

உச்ச வேகம் = விசை ÷ (நிறை × டாம்ப்). விசை 3 கொடுத்தால் வினாடிக்கு 12 யூனிட். கையை எடுத்தால் 3 வினாடிக்குள் வேகம் பாதியாகி, மொத்தம் 48 யூனிட் மிதந்துபோய் நிற்கும். இந்த மிதப்புதான் கேமின் சுபாவம். டாம்பை 2 ஆக்கிப் பார்த்தால் ஆட்டோ ஓட்டுவது போலிருக்கும். 0 ஆக்கினால் நிறுத்தவே தெரியாமல் பதற்றம் வரும். இந்த வேகத்தில் என்செலடஸை ஒட்டி ஒரு சுற்று வர இரண்டேகால் நிமிடம் ஆகும்.

மோதினால் சாவு என்று வைக்காதீர்கள். தரைக்கு 8 யூனிட் நெருங்கும்போதே வெளிப்பக்கம் மெல்லத் தள்ளும் விசை ஒன்றைக் கொடுங்கள். கேமராவின் எஃப்ஓவி (பார்வைக் கோணம்) 65, குலுக்கல் வேண்டாம்.

படி 6: தூசியும் ஊற்றும்

வெற்றிடத்தில் பக்கத்தில் எதுவும் இல்லாததால் கப்பல் போகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. கப்பலைச் சுற்றி ஜிபியூ பார்ட்டிகிள்ஸ் (துகள் அமைப்பு) ஒன்று: 250 துகள், ஆயுள் 6 வினாடி, எமிஷன் பெட்டி ஒவ்வொரு பக்கமும் 25 யூனிட், லோக்கல் கோஆர்டினேட்ஸ் அணைத்தபடி (துகள்கள் கப்பலோடு நகராமலிருக்க). இதில் ஏமாற்றும் இல்லை. என்செலடஸ் பீய்ச்சும் பனித்துகள்தான் சனியின் ஈ வளையமாகப் பரவியிருக்கிறது.

அந்தப் பீய்ச்சலை 2005-இல் காசினி விண்கலம் கண்டுபிடித்தது. தென்துருவத்தில் ‘புலிவரி’ என்று பெயர் பெற்ற நான்கு நீள விரிசல்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எமிட்டர்: 400 துகள், ஆயுள் 12 வினாடி, வேகம் 15, திசை 0, −1, 0, ஸ்பிரெட் 8 பாகை. பிராசஸ் மெட்டீரியலில் கிராவிட்டி −9.8 என்று இருக்கும். அதைப் பூஜ்ஜியம் ஆக்காவிட்டால் துகள்கள் நிலவைவிட்டுத் தோட்டாபோலப் பாயும். ஒவ்வொரு துகளும் 12 யூனிட் சதுரம், ஆடிட்டிவ் பிளெண்ட் (பின்னணியோடு ஒளியைக் கூட்டுவது), ஆல்ஃபா 0.03.

இந்த இரண்டு அமைப்புகளிலும் விசிபிலிட்டி ஏஏபிபி பெட்டி (இது கேமராவில் படும்வரைதான் துகள்கள் வரையப்படும்) 8 யூனிட்டுக்கே இருக்கும். பெரிதாக்காவிட்டால் கேமரா லேசாகத் திரும்பியதும் மொத்தத் துகளும் மறையும்.

அடுத்தது முக்கியம். இந்தப் பனிப்புகை சூரியன் அதற்குப் பின்னால் இருக்கும்போதுதான் பளிச்சென்று ஒளிரும். கேமராவிலிருந்து ஊற்றுக்கான திசை, கேமராவிலிருந்து சூரியனுக்கான திசை, இரண்டின் டாட் பிராடக்டை (இரு திசைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) எடுங்கள், எதிர்மறையானால் பூஜ்ஜியம். அதை 6-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 0.1 கூட்டி, ஆல்ஃபாவைப் பெருக்குங்கள். பகல் பக்கமிருந்து பார்த்தவருக்கு மங்கல் புகை. சுற்றிப் போய் இருட்டுப் பக்கம் நின்றவருக்கு வெள்ளிச் சாமரம். அம்புக்குறி, ‘கண்டுபிடித்தீர்கள்!’ பேட்ஜ் எதுவும் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

படி 7: டைட்டன்

இது எளிது. டைட்டனின் மூட்டம் அடர்த்தியானது, தரையிலிருந்து சனி கண்ணுக்குத் தெரியாது. சனி, நட்சத்திரம், கூர்நிழல் எல்லாவற்றையும் நீக்குங்கள். ஃபாக் நிறம் ஆரஞ்சு, டென்சிட்டி 0.01, 60 யூனிட்டிலேயே கிட்டத்தட்டப் பாதி மறைந்துவிடும். நிலவு முழுதும் வேண்டாம், ஒரு மீத்தேன் ஏரியின் கரை போதும்.

படி 8: ஐயாபிடஸ்

இந்த நிலவின் பாதை மட்டும் வளையத் தளத்துக்குச் சுமார் 15 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு நிலவுகளில் கீற்றாகவும் இல்லாமலும் இருந்த வளையம் இங்கே திறக்கும். பிளேனையும் சனியையும் சேர்த்து 15 பாகை சாய்த்துவிடுங்கள்.

சிக்கல் ஒன்று உண்டு. இங்கிருந்து சனி 2 பாகைதான். 1080 உயரத் திரையில் ஏறத்தாழ 30 பிக்சல். சனியைப் பெரிதாக்கத் தோன்றும், நம் விதி அனுமதிக்காது. ஒரு பைனாகுலர் விசை கொடுங்கள்: அழுத்தினால் எஃப்ஓவி 65-இலிருந்து 12-க்கு 1.5 வினாடியில் இறங்கட்டும். சனி 170 பிக்சலுக்கு மேல், வளையம் 390-க்கு மேல் விரியும், காசினி இடைவெளியும் தெரியும். காலடியில் பாதி கரி, பாதி பனி என்று இரு நிறத் தரை.

படி 9: ஒலி

வெளியே ஒலி கிடையாது, கேட்பதெல்லாம் கப்பலுக்குள். ஒலி பஸ்ஸில் (ஒலிகள் சேர்ந்து போகும் வழி) லோ பாஸ் ஃபில்டர் (உயர் சுருதிகளைக் குறைப்பது), கட்ஆஃப் 500 ஹெர்ட்ஸ். அடிநாதத்துக்கு இரண்டு லூப்: ஒன்று 47 வினாடி, மற்றது 61 வினாடி. இரண்டும் ஒரே இடத்தில் மறுபடி சந்திக்க 47 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் திரும்பத் திரும்ப வருவது யாருக்கும் உறைக்காது. இரண்டும் −18 டெசிபல். இசையைத் தொடர்ந்து ஓடவிடாமல், நடுவே இரண்டு முதல் நான்கு நிமிடம் வெறும் அமைதி விடுங்கள்.

சோதிக்கும்போது

விளையாடத் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, வாய் திறக்காமல் அவர் கையைக் கவனியுங்கள். விசைகளை விட்டு 10 வினாடிக்கு மேல் கை சும்மா இருந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே எதையும் தொட வேண்டாம். ‘எங்கே போகணும்?’ என்று கேட்டால், அவர் நின்ற இடத்திலிருந்து ஒளிரும் எதுவும் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். வழிகாட்டிப் பலகை வைப்பதற்கு முன் தொடக்கத்தில் சூரியன் இருக்கும் கோணத்தை 20, 30 பாகை மாற்றிப் பாருங்கள்.