ஆன்லைன் கேமுக்கு அப்டேட் விடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சரவணம்பட்டியில் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு ஆன்லைன் கேம் செய்துகொண்டிருக்கும் தம்பி ஒருவன் போன மாதம் டீக்கடையில் பிடித்துக்கொண்டான். “ஏனுங்ணா, புது மேப், புது மிஷன் எல்லாம் எத்தன மாசத்துக்கு ஒருக்கா விடறது? மாசாமாசம் விட்டாத்தான் ஆளு நிக்கும்ங்கறாங்களே?” மாதக் கணக்கைச் சொல்வதைவிட, பெரிய கம்பெனிகளே விழுந்து எழுந்த குழிகளைக் காட்டுவது நல்லது என்று பட்டது. அன்றைக்குப் பேசியதுதான் இது.

முதல் குழி, ரொம்ப வேகமாக ஆடுகிறவனைப் பார்த்து வேகத்தை முடிவு செய்வது. ஆறு மாதம் கண் விழித்துச் செய்த மேப்பை அவன் மூன்றே நாளில் முடித்துவிட்டு, “அடுத்தது எங்கே?” என்பான். சத்தம் போடுவதும் அவன்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து ஒன்பது மணிக்கு வீடு வந்து, ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் படுக்கிறவன் எதுவும் எழுத மாட்டான். அவன் இன்னும் பாதி மேப்பில்தான் இருப்பான்.

1999இல் வந்த எவர்க்வெஸ்ட் கேமைப் பாருங்கள். 2003 முதல் 2007 வரை ஆண்டுக்கு இரண்டு எக்ஸ்பான்ஷன், அதாவது தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பெரிய கூடுதல் பாகம், விட்டார்கள். ஒன்றின் ரெய்டுகளை, அதாவது பலர் கூட்டாகச் சேர்ந்து ஆடும் பெரிய சண்டைகளை, பல கில்டுகள் (ஆட்டக்காரர் குழுக்கள்) தொட்டுப் பார்ப்பதற்குள் அடுத்தது கடைக்கு வந்துவிடும். 2004 பிப்ரவரியில் வந்த ‘கேட்ஸ் ஆஃப் டிஸ்கார்ட்’ பிழையும் அளவுக்கு மீறிய கடினமுமாக வந்து, பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்லிக்காட்டும் பெயராகிவிட்டது. அதற்கு முந்தைய எக்ஸ்பான்ஷன் வந்து அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. 2008இலிருந்து ஆண்டுக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டார்கள்.

கில்டு வார்ஸ் 2 இன்னும் ஒரு படி மேலே போனது. 2013இல் இரண்டு வாரத்துக்கு ஒரு அப்டேட். அதில் பலவும் தற்காலிகம், அடுத்தது வந்தால் இது போய்விடும். ஊரில் மாரியம்மன் நோம்பி என்று போய்ப் பத்துப் பதினைந்து நாள் கழித்து வருகிறவனுக்குக் கதையில் ஒரு அத்தியாயமே காணாமல் போயிருக்கும். 2014இல் வந்த இரண்டாவது சீசனிலிருந்து அத்தியாயங்களைச் சேமித்துவைத்துப் பிறகு ஆடும்படி மாற்றினார்கள். இதே தவறின் பெரியப்பா மாதிரி ஒன்று டெஸ்டினி 2இல் நடந்தது. கேமின் அளவு தாங்க முடியவில்லை என்று, 2017இல் மக்கள் காசு கொடுத்து வாங்கிய கதையையே 2020 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். புதிதாக உள்ளே வருகிறவனுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

சரி, அப்படியானால் மெதுவாக விடலாமா? அங்கேதான் இரண்டாவது குழி. என் கணக்கில் இதுதான் ஆழமானது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2013 செப்டம்பரில் ஒரு பெரிய ரெய்டு வந்தது. அடுத்த எக்ஸ்பான்ஷன் ‘வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனார்’ வந்தது 2014 நவம்பரில். நடுவில் 14 மாதம் அதே ரெய்டு, கடைசியில் அதே பெரிய வில்லன். ஆனாலும் டிரேனார் வந்தபோது பழைய ஆட்கள் எல்லாம் ஓடி வந்தார்கள், சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். வந்தவர்களுக்குப் பிறகு கொடுக்கச் சரக்கு இல்லை. அடுத்த எக்ஸ்பான்ஷனைச் சீக்கிரம் விட வேண்டும் என்ற ஆசையில் கையில் இருந்ததைச் சுருக்கிவிட்டார்கள். 2015 ஜூன் கடைசியில் சந்தா 56 லட்சம். அந்த ஆண்டு நவம்பரோடு எண்ணிக்கையை வெளியே சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு செய்தும் அடுத்த எக்ஸ்பான்ஷன் சீக்கிரம் வந்ததா என்றால் அதுவும் இல்லை. 2015 ஜூனில் கடைசிப் பெரிய அப்டேட், 2016 ஆகஸ்ட் கடைசியில் அடுத்த எக்ஸ்பான்ஷன். மறுபடியும் 14 மாதம்.

பாத் ஆஃப் எக்ஸைல் கதை கொஞ்சம் வேறு. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு லீக், அதாவது புதுச் சரக்கோடு எல்லோரும் முதலிலிருந்து தொடங்கும் சுற்று, என்று பல ஆண்டுகள் தவறாமல் விட்டவர்கள். இரண்டாம் பாகத்தை 2024 டிசம்பரில் இறக்கும் வேலைக்கு ஆட்கள் போனதும், முதல் கேமுக்கு 2024 ஜூலையில் வந்த லீக்குக்குப் பிறகு அடுத்தது 2025 ஜூனில்தான் வந்தது. ஒரே கிணற்றிலிருந்து இரண்டு தோட்டத்துக்குப் பாய்ச்சினால் ஏதாவது ஒன்று காயத்தான் செய்யும்.

தண்ணீர் என்றதும் தம்பிக்கு நான் சொன்னது பொள்ளாச்சிப் பக்கத்து பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால். பாசன நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்துச் சுழற்சி முறையில்தான் தண்ணீர் விடுவார்கள். இந்த முறை தன் மண்டலத்துக்குத் தண்ணீர் இல்லை என்று தெரிந்த விவசாயி அதற்கேற்ற வெள்ளாமை வைத்துக்கொள்வார். குறை சொல்வார், ஆனால் நிலத்தை விட்டு ஓட மாட்டார். வரும் வரும் என்று சொல்லி மதகைத் திறக்காமல் இருந்தால்தான் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ரோட்டுக்கு வருவார்.

ஃபைனல் ஃபேன்டஸி 14 அப்படி ஓடும் வாய்க்கால். 2013இல் புதுப்பித்து இறக்கியதிலிருந்து, முதலில் மூன்றரை மாதத்துக்கும் பிறகு ஏறக்குறைய நான்கு மாதத்துக்கும் ஒரு பேட்ச், அதாவது பெரிய அப்டேட். எக்ஸ்பான்ஷன்கள் 2015, 2017, 2019, 2021, 2024 என்று வந்தன. அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா, புது பேட்ச் வரும்போது வந்தால் போதும், நடுவில் வேறு கேம் ஆடுங்கள் என்று வெளிப்படையாகவே சொன்னவர். மாதச் சந்தா வாங்கும் கேமில் இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். இதிலும் குறை இல்லாமல் இல்லை. எந்த பேட்சில் என்ன வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு ஒரே அச்சாகிவிட்டது என்று ஆட்டக்காரர்களே சலித்துக்கொள்கிறார்கள். தேதி தெரியலாம், உள்ளே இருப்பது தெரியக் கூடாது.

தேதியைக் காப்பாற்றுவதற்காக அரைவேக்காட்டை இறக்குவது தனித் தவறு. அதே ஃபைனல் ஃபேன்டஸி 2021இல் தன் எக்ஸ்பான்ஷனை நவம்பர் 23லிருந்து டிசம்பர் 7க்குத் தள்ளிவைத்தது. தள்ளிவைத்தும் சர்வர் தாங்காமல், மணிக்கணக்கில் வரிசையில் நின்ற ஆட்டக்காரர்களுக்கு மொத்தம் 21 நாள் சந்தாவை இலவசமாகக் கொடுத்தார்கள். புது விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தியும் வைத்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தப் பாடு என்றால், நான்கு பேர் கொண்ட டீமுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டீமைப் பற்றி ஒன்று. ஃபோர்ட்நைட்டின் ஓயாத அப்டேட்களுக்குப் பின்னால் வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை செய்தோம் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னது 2019இல் செய்தியானது. ஷிப்மென்ட் நெருக்கடியில் ராத்திரி முழுக்க மெஷின் ஓடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் ஷிப்மென்ட் போய்விட்டால் இரண்டு நாள் படுத்துத் தூங்கலாம். ஆன்லைன் கேமுக்குக் கடைசி ஷிப்மென்ட் என்று ஒன்று கிடையாது.

இன்னொன்று நம்ம ஊர் விஷயம். இங்கே ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் போனில்தான் ஆடுகிறார்கள். நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவனிடம் 2 ஜிபி அப்டேட்டை இறக்கச் சொன்னால், அன்றைக்கு அவனுக்குக் கேமும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. மாசாமாசம் இப்படி விட்டால் போட்டோவை அழிப்பதா கேமை அழிப்பதா என்று ஒரு நாள் யோசிப்பான். அப்புறம் மார்ச் மாதம். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் பரீட்சையில் இருக்கும்போது புது சீசனைத் திறந்து, அது முடிவதற்குள் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும் என்று வைத்தால் வீட்டில் போன் பீரோவுக்குள் போய்விடும்.

எல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி நான்கு மாதத்துக்கு ஒரு பெரிய அப்டேட், நடுவில் சின்னச் சின்னத் திருத்தங்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டான். “அப்ப மொதல் அப்டேட்ட பொங்கலுக்கு விட்டுரலாமுங்ணா? எல்லாரும் லீவுல இருப்பாங்க.”

“உன்ற டீமும்தான் லீவுல இருக்கும். அன்னைக்கு சர்வர் படுத்தா யாரு எழுப்பறது?”

தாளில் பொங்கலை அடித்துவிட்டு, பிப்ரவரி என்று எழுதினான்.