வகுத்தல் கணக்கு: பங்கு போட்டால் மட்டும் போதாது

பயிற்சிக்காக வரும் இளம் ஆசிரியர்கள் மூன்றாம் வகுப்பில் வகுத்தல் நடத்தும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலை. புதிதில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். வாய்ப்பாடு தெரியாதது, எண்ணை மாற்றி எழுதுவது போன்றவை யார் கண்ணிலும் படும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பங்கு போடுவதோடு நிறுத்திக்கொள்வது

20 புளியமுத்து, 5 பிள்ளைகள், ஆளுக்கு எத்தனை? எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். தொடங்குவதில் குற்றமில்லை, அதோடு முடித்துவிடுவதுதான் வினை. 20 ÷ 5 என்பதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 5 பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை என்பது ஒன்று. ஐந்தைந்தாகக் கூறு வைத்தால் எத்தனை கூறு என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை 4 என்பதால் வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் கை செய்யும் வேலை வேறு. முதலாவதில் ஆளுக்கு ஒன்றாகச் சுற்றிச் சுற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டாவதில் ஐந்தைந்தாக அள்ளிக்கொண்டே போக வேண்டும்.

முக்கூடல் பக்கத்துச் சிறுமி ஒருத்திக்கு இந்தக் கணக்கு வந்தது. மளமளவென்று ஐந்தைந்தாக நான்கு கூறு வைத்து, "நான்கு டீச்சர்" என்றாள். பயிற்சி ஆசிரியை அந்தக் கூறுகளைக் கலைத்துவிட்டு, "அப்படி இல்லை, ஐந்து பேருக்குப் பங்கு வை" என்றார். விடை சரி, வழியும் சரி. அவள் அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். 25 பீடி ஒரு கட்டு, 1000 பீடிக்கு 40 கட்டு. அதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்த பிள்ளை. தெரிந்தவளைத் தெரியாதவளாக்கிய அந்த நிமிடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது.

2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபின் தொடக்க வகுப்புகளில் செய்து பார்த்துக் கற்பது பற்றி நிறையவே பேசுகிறோம். முத்துகளும் குச்சிகளும் வகுப்புக்கு வந்த பிறகும் பங்கு மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் என்ன பயன்?

இதற்கான விலையைப் பிள்ளை பிறகு கொடுக்கிறது. நீள் வகுத்தலில், "27-இல் 4 எத்தனை முறை போகும்?" என்று கேட்கிறோமே, அது கூறு வைக்கும் கேள்வி. பங்கு மட்டும் போடத் தெரிந்த பிள்ளைக்கு அது விளங்காது. படிகளை மனப்பாடம் செய்துகொண்டு ஒப்பேற்றும். பின்னங்கள் வந்து 3 ÷ ½ என்று எழுதினால் அதுவும் முடியாது. அரை ஆளுக்கு எப்படிப் பங்கு வைப்பது? 3 லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டுகளில் அடைத்தால் எத்தனை பாக்கெட் என்று கேட்டுப் பழகியிருந்தால் 6 என்பது வாயிலேயே வரும்.

ஆகவே முதல் வாரத்திலிருந்தே கணக்குகளை இரட்டையாகக் கொடுங்கள். 12 நுங்கை 3 பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை? ஒரு காயில் 3 கண் என்றால் 12 நுங்குக்கு எத்தனை காய் வெட்ட வேண்டும்? (இரண்டு கண் காயும் உண்டே என்று எவனாவது எழுந்து சொல்வான். சொல்லட்டும்.)

மீதியை மீதியாகவே விட்டுவிடுவது

மணிமுத்தாறு அருவிக்கு 26 பிள்ளைகள், ஆட்டோவுக்கு 4 பேர். "ஈவு 6, மீதி 2" என்று எழுதினால் இருவர் நடந்துதான் வர வேண்டும். 7 ஆட்டோ.

பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்று சொல்வது

சொல்லாதீர்கள்.

ஈவில் பூஜ்ஜியத்தை விழுங்குவது

618 ÷ 6 கொடுத்தால் பாதி வகுப்பு 13 என்று எழுதும். "1-இல் 6 போகாது, அடுத்த எண்ணை இறக்கு" என்று நாம் சொன்னதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். போகாத இடத்தில் 0 போட வேண்டும் என்பதை நாம் சொல்வதில்லை. 100 ரூபாய்த் தாள் ஆறு, 10 ரூபாய்த் தாள் ஒன்று, 1 ரூபாய் நாணயம் எட்டு என்று காகிதத்தில் வெட்டிக் கொடுங்கள். ஆளுக்கு ஒரு நூறு போய்விடும். ஒற்றைப் பத்தை ஆறு பேருக்குக் கொடுக்க முடியாது, ஆகவே பத்தின் இடத்தில் 0. அதைச் சில்லறை மாற்றினால் 18 நாணயம், ஆளுக்கு 3. ஈவு 103. அதன் பிறகும் 13 என்று சாதிக்கிற பிள்ளையை 13-ஐ 6-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 78 வந்ததும் தானாகவே ரப்பரைத் தேடும்.