எழுவானில் தொடங்குங்கள், படுவானில் முடியுங்கள்: மட்டக்களப்பை ஒரு நாளில் சுற்றும் முறை

வவுனியாவிலிருந்து வந்த என் மச்சாள் உச்சி வெயிலில் கோட்டை மதிலின் மேல் நின்றுகொண்டு, "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று கேட்டாள். அவளுக்கு வான் பேசிக் கொடுத்தவர்கள் காலையில் கடைத்தெருவையும் நண்பகலில் கோட்டையையும் காட்டிவிட்டு, சூரியன் மறைவதைப் பார்க்கக் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். கல்லடிக் கடலில் சூரியன் உதிக்குமே தவிர மறையாது. அன்றிரவு ஒரு தாளில் அவளுக்கு வேறொரு ஒழுங்கு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அதன்படி சுற்றினாள். அதற்கு அடுத்த நாளும் ஊருக்குத் திரும்பவில்லை. மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வது சும்மா இல்லை.

அந்தத் தாளில் இருந்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். முதன்முறை வருகிறவர்கள், கையில் ஒரு நாளோ ஒன்றரை நாளோ மட்டும் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றலாம்.

புறப்படுமுன்: ஊரின் கிடப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

மட்டக்களப்பு வாவி கடலுக்கு இணையாக வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. ஊரார் பலர் அதை ஆறு என்றே சொல்வார்கள். வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் நீருக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல்நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் மேய்ச்சல் நிலமுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. பெயர் வைத்த முன்னோர் நமக்கு நேர அட்டவணையையும் சேர்த்தே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விடியும்போது கிழக்கே கடல்முகத்தில் நில்லுங்கள். பொழுது சாயும்போது மேற்கே வாவியைப் பார்த்து நில்லுங்கள். நடுவே உள்ள நேரத்தைப் பழைய நகருக்குக் கொடுங்கள். வழி மறந்துபோனாலும் இந்த ஒன்றை நினைவில் வைத்திருந்தால் நாள் வீணாகாது.

நாளைத் தெரிவு செய்தல்

கார்த்திகை தொடங்கித் தை வரை இங்கே மாரி. வெள்ளம் வீதியை மறிக்கும், வாவி கலங்கி ஓடும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை வருவது நல்லது. நடுவில் கச்சான் காற்று வெப்பத்தை அள்ளிக்கொண்டு வீசும் மாதங்களும் உண்டு. தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் இருந்தால் அதைச் சமாளித்துவிடலாம்.

முடிந்தால் முழுநிலவை ஒட்டி வாருங்கள். காரணத்தை இரவுப் பகுதியில் சொல்கிறேன். ஆனால் முழுநிலவு என்றால் போயா விடுமுறை. ரயிலும் தங்குமிடமும் நிரம்பிவிடும், ஆகவே ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து பகலில் உதயதேவியும் இரவில் பாடுமீனும் வருகின்றன. இரவு ரயில்தான் இந்தத் திட்டத்துக்குப் பொருந்தும், ஏனென்றால் விடிகாலையில் இறங்கி நேரே கடற்கரைக்குப் போகலாம். நேரங்கள் மாறுவதுண்டு, டிக்கெட் எடுக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். மட்டக்களப்புதான் பாதையின் கடைசி நிலையம் என்பதால் தூங்கிப்போனாலும் ஊரைத் தவறவிட மாட்டீர்கள்.

முதற்படி: விடியற்காலை, கல்லடி

நிலையத்தில் ஆட்டோ பிடித்து, பொதியைத் தங்குமிடத்தில் போட்டுவிட்டுக் கல்லடிக் கடற்கரைக்குப் போங்கள். காலை 5.30 மணிக்கெல்லாம் மணலில் இருக்க வேண்டும். கரைவலைக்காரர்களும் நடைக்கு வந்த பெரியவர்களும் அங்கே இருப்பார்கள். குளிக்க ஆசைப்பட்டால் அவர்களிடம் கேட்காமல் இறங்காதீர்கள், இது ஆழ்கடல் அலை.

கடற்கரையை ஒட்டித் திருச்செந்தூர் முருகன் ஆலயம் இருக்கிறது. அதன் கோபுரம் சாய்ந்து நின்றதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை சாய்த்தது அது. இங்கிருந்து வடக்கே டச்பாரும் நாவலடியும். அந்தக் காலையில் அங்கே வீடு வீடாக ஆட்களைக் கடல் கொண்டுபோனது. கடற்கரையில் படம் எடுப்பவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். டச்பார்ப் பகுதியில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. நானூறு ஆண்டுக்கு முந்திய மொழியின் கிளை ஒன்று அங்கே முதியவர்களின் வாயில் இன்னும் இருக்கிறது.

காலை உணவாகப் பிட்டு அல்லது இடியப்பம், சொதி, சம்பல். பிறகு கல்லடி உப்போடைக்கு வாருங்கள். சுவாமி விபுலானந்தரின் சமாதி இங்கேதான் இருக்கிறது. 1892இல் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்து, பழந்தமிழர் யாழைப் பற்றிய ஆய்வுக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்து, அந்த நூல் வெளியான 1947ஆம் ஆண்டிலேயே கண்மூடியவர். சமாதி அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயச் சூழலில் இருக்கிறது, ஆகவே பள்ளி நாள் என்றால் அனுமதி கேட்டுப் போங்கள். பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்க்காதீர்கள்.

இரண்டாம் படி: பாலத்தை நடந்து கடத்தல்

இங்கே ஆட்டோவை விட்டுவிடுங்கள். கல்லடியில் இரண்டு பாலங்கள் அருகருகே இருக்கின்றன. பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டு கட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் மனைவியான மானிங் சீமாட்டியின் பெயர் அதற்கு. புதியது 2013இல் திறக்கப்பட்டது. நடந்து கடந்தால்தான் வாவியின் அகலம் புரியும். காலை நேரத்தில் தோணியில் நின்று வீச்சு வலை எறிபவர்களைக் காணலாம். வலை வட்டமாக விரிந்து நீரில் விழும் அந்தக் கணத்தைப் பார்க்க நான் எத்தனையோ முறை சைக்கிளை நிறுத்தியிருக்கிறேன்.

மூன்றாம் படி: வெயில் ஏறுமுன் புளியந்தீவு

பாலம் தாண்டியதும் மீண்டும் ஆட்டோ. பழைய நகரம் ஒரு தீவு, அதன் பெயர் புளியந்தீவு. பத்து மணிக்குள் கோட்டைக்குள் நுழைந்துவிடுங்கள்.

கோட்டையைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. உள்ளே போகுமுன் வெளியே நின்று நீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் வெட்டப்பட்ட அகழி. நான்கு மூலையிலும் கொத்தளங்கள். போர்த்துக்கேயர் இதை 1628இல் கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638 மே மாதத்தில், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்துகொண்ட ஒல்லாந்தர் இதைப் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதற்கோட்டை இதுதான். அதற்கும் முன்பு, 1602இல், ஒல்லாந்த மாலுமி ஸ்பில்பேர்கன் கண்டி மன்னனைக் காண வந்து இறங்கியதும் மட்டக்களப்புக் கரையில்தான். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், அதன்பின் நீண்ட காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச செயலகம், இதற்குள் இயங்கியது. காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் எங்கள் அப்பப்பாமார் ஏறி இறங்கிய வாசல் இது. அதனால் மட்டக்களப்பாருக்கு இது படையெடுப்பின் சின்னமாக மட்டும் இருக்கவில்லை, அலுவலுக்குப் போகும் இடமாகவும் இருந்தது. மதிலின் மேல் நீர்ப்பக்கமாக நடந்து, ஒரு கொத்தளத்தில் நின்று பாருங்கள். யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் முதலில் தோணி கண்ணில் படும்படி இடம் தெரிந்து கட்டியிருக்கிறார்கள்.

கோட்டையிலிருந்து புனித மரியாள் இணைப் பேராலயம் சிறிது தூரம். 1624இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பழைய ஆலயம். 2005 நத்தார் நள்ளிரவு ஆராதனையின்போது நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டதும் இங்கேதான். உள்ளே சத்தமில்லாமல் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு வாருங்கள்.

அடுத்து வாவிக்கரையில் உள்ள காந்திப் பூங்கா. பூங்காவருகே படகுத்துறையின் பழைய கல்வாசல் நிற்கிறது, பக்கத்தில் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை. 1814இல் வந்து இறங்கிய அந்த இளைஞர் மறு ஆண்டே இறந்துவிட்டார். ஓராண்டுக்கும் குறைந்த அந்தக் காலத்தில் அவர் போட்ட வித்துத்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஊருக்குள் வரும் வழி ஒரு காலத்தில் நீர்வழியாக இருந்தது என்பதை அந்த வாசல் சொல்லும்.

நான்காம் படி: நண்பகலில் எங்கும் போகாதீர்கள்

சாப்பிடுங்கள். வாவி இறால், நண்டு, கணவாய், எது அன்று வந்ததோ அதைக் கேளுங்கள். முடிவில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும். மூன்றரை மணி வரை தூங்குங்கள். கோயில்களும் அந்நேரம் நடைசாத்தி இருக்கும்.

ஐந்தாம் படி: மாமாங்கமும் முகத்துவாரமும்

நகரிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயம். இராமர் வழிபட்ட தலம் என்பது ஊர் நம்பிக்கை. ஆடி அமாவாசையன்று தீர்த்தக்குளத்தைச் சுற்றி மாவட்டமே திரண்டு நிற்கும். இறந்த தந்தைக்காக விரதம் இருந்தவர்கள் இந்த நீரில் மூழ்கி எழுவார்கள். சாதாரண நாளில் குளக்கரைப் படியில் உட்கார்ந்தால் காற்று நன்றாக வரும்.

அங்கிருந்து பாலமீன்மட்டுக்கு விடுங்கள். அங்கே இருப்பது எழுத்தில் கலங்கரை விளக்கம், ஆட்டோக்காரரிடம் வெளிச்சவீடு என்று சொல்லுங்கள். 1913இல் கட்டப்பட்ட 28 மீற்றர் உயர வெண்ணிறக் கோபுரம். வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம் இதன் அருகில்தான். இங்கே படகு கிடைக்கும். விலையை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள், உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். உப்புநீரில் வளரும் கண்ணாமரங்களின் வேர்களுக்கிடையே படகு மெல்லப் போகும்போது நீர்க்காகமும் மீன்கொத்தியும் மிக அருகில் இருக்கும். படகோட்டியிடம் இயந்திரத்தைச் சிறிது நேரம் நிறுத்தச் சொல்லுங்கள்.

இந்தக் கரைக்கு வெளியே ஆழ்கடலில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. கரையிலிருந்து எதுவும் தெரியாது. தெரிந்துகொண்டு அந்தக் கடலைப் பார்ப்பது வேறு.

ஆறு மணிக்கு வாவிப் பக்கம் திரும்பி நில்லுங்கள். மச்சாள் தவறவிட்ட மாலை இதுதான்.

ஆறாம் படி: இரவு, பாடும் மீன்

மீன்பாடும் தேன்நாடு என்ற பெயர் வந்த ஓசையைக் கேட்க முயல்வதற்கு முழுநிலவு இரவு வேண்டும், மழையற்ற மாதம் வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும். இடம் கல்லடிப் பாலத்தின் அருகே. வாகன இரைச்சல் குறைந்த பின், இயந்திரம் இல்லாத தோணி ஒன்றை மீனவர் ஒருவரோடு பேசி அமர்த்துங்கள். நடுநீரில் தோணி நின்றதும் மரத் துடுப்பின் அகன்ற பக்கத்தை நீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதோடு ஒட்டி வையுங்கள். மூச்சைக்கூட மெல்ல விடுங்கள்.

1848இல் இங்கே வந்து கேட்ட எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லிய அதிர்வுக்கு அதை ஒப்பிட்டார். மீன் அல்ல, ஊரி என்னும் சிப்பி வகைதான் பாடுகிறது என்று அன்றைய மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். இன்றும் சிலர் அதையே சொல்வார்கள். எனக்குப் பதினான்கு வயதில் ஒரு முதியவர், "கண்ணை மூடு மகன், பிறகு கேள்" என்று துடுப்பைத் தந்தார். முதல் முறை நீரின் சலசலப்பு மட்டும்தான் கேட்டது. இரண்டாம் முறை அடியிலிருந்து ஒரு நீண்ட ரீங்காரம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. உங்களுக்குக் கேட்காமலும் போகலாம். அதற்காகப் படகோட்டியோடு கூலிக்கு வாதாடாதீர்கள்.

மறுநாள் காலை இருந்தால்: படுவான்கரை

கல்லடியிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் காத்தான்குடி. வீதி நடுவே வரிசையாகப் பேரீச்சை மரங்கள். பூர்வீக நூதனசாலையில் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையைக் காட்டும் பொருட்களைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். கைத்தறிச் சாரம் வாங்குவதும் இந்தப் பக்கத்தில்தான்.

அடுத்து ஆரையம்பதி, அங்கிருந்து மண்முனைப் பாலம். 2014இல் இந்தப் பாலம் திறக்கும்வரை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் மோட்டார் சைக்கிளும் நெல்மூட்டையும் பிள்ளைத்தாய்ச்சியும் ஒன்றாக வாவியைக் கடந்தார்கள். என் அம்மம்மா அந்தக் கரைக்காரி. பாதை அக்கரையில் நின்றால் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டு, வெயிலில் ஒரு மணி நேரம் காத்திருந்ததை அவர் சொல்லியிருக்கிறார்.

அக்கரையில் வயல்வெளி. அதன் நடுவே கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம். கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயர் முன் கல் நந்தி எழுந்து புல் தின்றது என்பது தலைமுறைகளாக வரும் கதை. அந்த நந்தியைக் கேட்டுப் பாருங்கள், குருக்கள் காட்டுவார். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டி வரலாம், பெண்கள் தோள் மூடிய உடையில் போவது நல்லது.

திரும்பும் வழியில் சட்டித் தயிர் வாங்குங்கள், மேய்ச்சல் தரை பக்கத்தில் இருப்பதால் இங்கே வாங்குவதே சிறந்தது. ரயிலில் கொண்டுபோவதாக இருந்தால் வாயைத் தாளால் கட்டித் தரச் சொல்லி, மேல் தட்டில் வைக்காமல் காலடியில் இரண்டு பைகளுக்கு நடுவே நிறுத்துங்கள். பொலன்னறுவை தாண்டும்வரை ஆட்டம் அதிகம்.