நடிகரும் உரிமைப் போராளியுமானவரை மேடையில் பேசவைப்பது எப்படி?

நடிப்பு, சொந்த வாழ்க்கை, எல்ஜிபிடி (தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர்) உரிமைப் போராட்டம் மூன்றையும் தொட 90 நிமிடம் ஒதுக்குங்கள். நெறியாளருக்கு 60, பார்வையாளர் கேள்விகளுக்கு 20. மிச்சம் 10 நிமிடத்தைக் கைதட்டலும் தாமதமும் தின்றுவிடும்.

இரண்டு வாரம் முன்பே போனில் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். எதையெல்லாம் கேட்கக் கூடாது, தன்னை எந்தச் சொல்லால் குறிக்கிறார் என்பது அப்போதே தெரிந்துவிட வேண்டும். அறிமுக உரையில் அந்தச் சொல்லே வரட்டும். உடன் நடித்த வேறொருவரின் பாலீர்ப்பைப் பற்றி, அவரே வெளியில் சொல்லியிருந்தால் ஒழிய, வாய் திறக்காதீர்கள்.

"உங்கள் பாலீர்ப்பு உங்களுக்கு எப்போது தெரிந்தது?" என்று ஆரம்பித்தால் நூறு பேட்டியில் தேய்ந்த பதில்தான் கிடைக்கும். தொழிலில் தொடங்குங்கள்: ஒரு பாத்திரத்தின் நடையை எப்படிப் பிடித்தார், குரலை எங்கே இறக்கினார். தொழில் பேசும்போது நடிகர்கள் இளகிவிடுவார்கள். போராட்டத்துக்குள் பொத்தாம்பொதுவாக நுழையாமல் ஒரு தேதியைப் பிடித்து நுழையுங்கள். பிரிட்டிஷ் நடிகர் இயன் மெக்கெல்லனை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'த் தடை போட்ட பிரிட்டிஷ் சட்டத்தின் 28ஆம் பிரிவு பற்றிய விவாதத்தில், 1988-இல் பிபிசி ரேடியோ 3-இல்தான் தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்போது வயது 48. மறு ஆண்டு ஸ்டோன்வால் என்ற எல்ஜிபிடி உரிமை அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். இவ்வளவும் கையில் இருந்தால், "சமூகம் மாறிவிட்டதா?" என்று கேட்கத் தோன்றாது. "சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் ஸ்டூடியோவுக்குள் போனீர்களா, பேச்சுவாக்கில் வந்ததா?" என்று கேட்பீர்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஐந்து நொடி மௌனம் உங்களுக்குத்தான் யுகமாகத் தெரியும். அதை நிரப்பப் போனால் வரவிருந்த பதில் போய்விடும்.

காலர் மைக் மோவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். சங்கிலியோ துப்பட்டாவோ உரசினால் பேச்சு முழுக்கக் கரகரக்கும். ஸ்பீக்கர்கள் மேடைக்கு முன்வரிசையில் நிற்க வேண்டும். பின்னால் வைத்தால் மைக் வீறிடும்.

பார்வையாளர் கையில் மைக்கைக் கொடுத்தால் கேள்வி சொற்பொழிவாகிவிடும். சீட்டில் எழுதி வாங்கி நீங்களே படியுங்கள். பெயர் கேட்காதீர்கள். வீடியோ எடுப்பதானால் கேமரா மேடையை விட்டு அரங்கின் பக்கம் திரும்பவே கூடாது: வந்திருப்பவர்களில் சிலர் தங்கள் பாலீர்ப்பை வீட்டில் இன்னும் சொல்லாதவர்களாக இருக்கலாம்.